மகாமகம் 12 வருஷத்துக்கு ஒருமுறை, கடைத்தெரு தினமும்

(கும்பகோணம் இளைஞர் கூட்டத்தில் நம் தகவல் தொழில்நுட்ப அணித் தம்பி பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிச்சுட்டு ஷேர் பண்ணுங்க.)



நான் சிவில் படிச்சவன். மைக் பிடிச்சுப் பழக்கமில்லை, மீம் போட்டுத்தான் பழக்கம். அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

2016-க்கு அப்புறம் அடுத்த மகாமகம் 2028-ல். லட்சக்கணக்குல ஜனம் வரும். 1992-ல குளத்தங்கரை நெரிசல்ல உயிர்கள் போனதை நம்ம வீட்டுப் பெரியவங்க இன்னும் மறக்கல. அதனால வேலை நடந்தே ஆகணும். என் கேள்வி, அந்த வேலை யாருக்காக? வந்துட்டுப் போற கூட்டத்துக்கு மட்டுமா, தினமும் பெரிய கடைத்தெருவுக்குப் பை தூக்கிட்டு வர்ற அம்மாவுக்கும் சேர்த்தா?

நம்ம ஊர் 1866-லேயே நகராட்சி. 2021-ல மாநகராட்சி ஆச்சு. பலகை மாறுச்சு, நடைபாதை மாறல. ஐ.ஆர்.சி. விதிப்படி நடைபாதையில தடையில்லாம குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் வேணும். ரெண்டு சக்கர நாற்காலி எதிரெதிரே போற அளவு. நம்ம கடைத்தெருவுல டேப் வச்சு அளந்து பாருங்க, அளக்க நடைபாதை கிடைச்சா!

திருவிழா வேலைன்னா வழக்கமா என்ன நடக்கும்? பழைய தாரைச் சுரண்டாம அது மேலயே புதுத் தாரு. ரோடு ஏறும், கடை வாசல் இறங்கும். முதல் மழையிலேயே தண்ணி பாத்திரக் கடைக்குள்ள. முதல்ல வடிகால், அப்புறம் குடிநீர்க் குழாய், மின்சார கேபிள், கடைசியாத்தான் தளக்கல். இந்த வரிசை மாறினா, போட்ட கல்லையே மறுபடி தோண்டுவாங்க. இதைப் புரிஞ்சுக்க இன்ஜினியரிங் டிகிரி வேண்டாம்.

சென்னை பாண்டி பஜார்ல 2019-ல நடைபாதை வளாகம் திறந்தாங்க. அதே மாதிரி இங்க வேணும்னு சிலர் கேக்குறாங்க. எனக்கு உடன்பாடில்லை. அது அகலமான சாலை, நம்மளது கோயிலைச் சுத்தின குறுகல் தெரு. இங்க முதல் மருந்து சரக்கு லாரிக்கு நேரம் குறிக்கிறது. ராத்திரியும் விடியக்காலையும் இறக்கிட்டுப் போகட்டும். "வண்டி நிறுத்த இடமில்லன்னா யாவாரம் போயிடும்"னு கடைக்கார அண்ணன்கள் பயப்படுறாங்க. நியாயமான பயம். பார்க்கிங் இடத்தைக் காட்டிட்டுத்தான் தெருவுல கை வைக்கணும்.

அடுத்தது பூக்காரம்மா, வெற்றிலைக் கடை, தள்ளுவண்டி. அழகுபடுத்துறோம்னு முதல்ல இவங்களைத்தான் விரட்டுவாங்க. 2014 தெரு வியாபாரிகள் சட்டம் அப்படிச் சொல்லல. கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து முடிக்கிற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவுல குறைஞ்சது 40 சதவீதம் வியாபாரிகளோட பிரதிநிதிகளே இருக்கணும். உங்க தெருவுல கடை போடுறவங்களுக்கு இந்த ரெண்டு வரியையும் படிச்சுக் காட்டுங்க, அது போதும்.

நம்ம கட்சிக்காரங்களுக்கும் ஒண்ணு. அண்ணன்கள் கோவிச்சுக்காதீங்க. நடைபாதையில பேனர் கட்டிட்டு நடைபாதை கேட்டா ஊர் சிரிக்கும். முதல்ல நம்ம பேனரைக் கழட்டுவோம்.

2022 விதிகள்படி வார்டுக் குழுவும் ஏரியா சபையும் இருக்கு. அங்க கோபத்தைக் கொண்டுபோனா டீ கொடுத்து அனுப்பிடுவாங்க. அளவைக் கொண்டுபோங்க. தெருப் பெயர், நடைபாதை அகலம், தண்ணி தேங்குற இடம், ஒரு போட்டோ. இன்னைக்கே கமெண்ட்ல போடுங்க, தெருவாரியா நான் தொகுத்துத் தர்றேன். சபை தேதி தெரிஞ்சதும் இதே பக்கத்துல வரும். நேர்ல வாங்க.

#மகாமகம்2028 #கடைத்தெருவைக்_காப்போம்