ஆங்கிலத்திற் சொற்புணர்ச்சி

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதன் ஆங்கில ஒலியைப்பற்றிப் பேசப் புகுந்ததேன் என்று சிலர் நகைக்கலாம். காரணம் உண்டு. என்பால் தமிழ் பயின்ற மாணாக்கன் ஒருவன். ஆங்கிலத்தைப் பிழையற எழுத வல்லவன். அவன் வேலைக்கான நேர்முகத் தேர்வொன்றிற்குச் சென்று மனமுடைந்து மீண்டான். “ஐயா, அவர் வினவியவற்றுள் ஒரு சொல்லும் பிரிந்து கேட்கவில்லை. ‘டிஜூ’ என்றார், அச்சொல்லை எந்த அகராதியிலும் நான் கண்டதில்லை” என்றான். அஃது ‘டிட்’, ‘யூ’ என்னும் இரு சொற்களின் புணர்ச்சியே. டகரமும் யகரமும் கூடி ஜகரமாய்த் திரிந்தன.

புணர்ச்சி நமக்குப் புதிதன்று. ‘மணி’, ‘அடித்தது’ என்பன ‘மணியடித்தது’ என யகர உடம்படுமெய் பெறும். ஆங்கிலரும் ‘ஐ ஆஸ்க்’ என்பதை ‘ஐயாஸ்க்’ என்றும், ‘கோ ஆன்’ என்பதைக் ‘கோவான்’ என்றும் ஒலிப்பர். யகர வகரங்கள் அங்கும் நம் முறைப்படியே வருதல் வியப்பன்றோ! ‘நிலம் தொட்டு’ நமக்கு ‘நிலந்தொட்டு’ ஆயினாற்போல, ‘டென் பவுண்ட்ஸ்’ அவர்க்கு ‘டெம்பவுண்ட்ஸ்’ ஆகும். ‘நெக்ஸ்ட் டே’ என்புழி இடைநின்ற டகரம் கெடும். ‘ஃபார்’ என்பதன் ஈற்று ரகரத்தைத் தென்னிங்கிலாந்தார் பெரும்பாலும் தனியே ஒலியார். ‘அவே’ என்னும் சொல் பின்வரின் ‘ஃபாரவே’ என அது மீண்டு தோன்றும். எழுத்திலே இல்லாத ரகரத்தையும் ‘ஐடியா ஆஃப்’ என்பதனிடையே புகுத்துவார் உளர். அதனைக் குற்றமென்று கடிந்தாரும் உளர்.

ஆயின், நாம் புணர்ந்தவாறே எழுதுகின்றோம். அவர் பிரித்தெழுதிப் புணர்த்துப் பேசுகின்றனர். இடரெல்லாம் இதனால் வந்ததே. பேச்சிற் சொல்லெல்லை கேளாமையின் ஆங்கிலரே மயங்கியதுண்டு. சமைப்பார் உடைமேற் கட்டும் துணிக்கு முற்காலத்தில் ‘நேப்ரன்’ என்பது பெயர். ‘அ நேப்ரன்’ என்பதை ‘அன் ஏப்ரன்’ எனப் பிரித்துக் கொண்டமையால் அது தன் முதலெழுத்தை இழந்தது. ‘ஈக்நேம்’, அதாவது மிகைப்பெயர், ‘அன்’ என்பதன் ஈற்றெழுத்தைக் கவர்ந்து ‘நிக்நேம்’ ஆயிற்று.

நம் பிள்ளைகளோ ‘கப்பு, ஆப்பு, டீ’ என்று ஈறுதோறும் உகரமிட்டுக் கல்லுடைப்பார்போல் ஒவ்வொன்றாய் அறைகின்றனர். ‘எனது உயிர்’ என்பதை ‘எனதுயிர்’ என்னுங்கால் உகரத்தைக் கெடுக்கும் நாவிற்கு ஆங்கிலத்தில் அது கைகூடாதோ? ‘கப்பஃப் டீ’ என மெய்ம்மேல் உயிரேற்றச் சொல்லிப் பாருங்கள்.

அம்மாணாக்கன் இப்பொழுது மாலைதோறும் என் இல்லம் வந்து, ஆங்கிலச் செய்தியைச் செவியாற் கேட்டுச் சொற்பிரித்து எழுதிப் பழகுகின்றான். சென்ற கிழமை நான்கு சொற்களையே தவறவிட்டான். மறு தேர்வு அடுத்த திங்களில் நிகழும்.