தறிக்கூலியும் தவணையும்: சேலம், நாமக்கல் சமவெளியில் சிறுகடன்

சொத்துப் பிணை கேட்காமல் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்து, சிறு தவணைகளில் திரும்பப் பெறும் கடனே நுண்கடன். இந்திய ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 14-இல் வெளியிட்ட விதிகள் இதற்கு எல்லை வகுத்தன: ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்குப் பிணையில்லாமல் தரப்படும் எந்தக் கடனும் நுண்கடன்தான். வாங்கிய பணம் தொழிலுக்குப் போகிறதா, மருத்துவச் செலவுக்குப் போகிறதா என்பதை அந்த வரையறை பார்ப்பதில்லை. உலகெங்கும் நுண்கடனைப் பற்றிய எழுத்தோ ஏழைத் தொழில்முனைவோரை நடுவில் வைத்தே வளர்ந்தது. கையில் திறமை இருக்கிறது, முதல்தான் இல்லை, முதல் கிடைத்தால் வருமானம் பெருகும், அதிலிருந்து தவணை கட்டலாம் என்பது அதன் கணக்கு. சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி.

இப்பகுதி கடனுக்குப் புதியதல்ல. நாமக்கல்லின் லாரிகளும் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளும் உள்ளூர் ஃபைனான்ஸ் பணத்தில் ஓடத் தொடங்கியவை. உறவினரும் நண்பரும் பங்கு போட்டு நடத்திய நிறுவனங்களே வண்டி வாங்கக் கடன் கொடுத்தன. அந்தக் கடன் வண்டியாக நின்றது. வண்டி வாடகை ஈட்டியது. ஆனால் பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களிலும் சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலும் கூலிக்கு உழைப்பவர் வீட்டில் கடன் வேறு உருவம் கொள்கிறது. அங்கே அது தண்டல், அடகு, ஏலச்சீட்டு, கைமாற்று, பாக்கி.

இவற்றில் பாக்கியைத் தனியே விளக்க வேண்டும். தறி உரிமையாளர் வேலைக்குச் சேரும் தொழிலாளிக்கு முன்பணமாகக் கொடுக்கும் தொகை அது. பொதுவாக அதற்கு வட்டி கிடையாது; அதைத் தீர்க்காமல் வேறு தறிக்குப் போக முடியாது என்பதே அதன் விலை. புது முதலாளி பழைய முதலாளியின் பாக்கியைக் கட்டினால் தொழிலாளி இடம் மாறலாம், ஆனால் கடன் கூடவே வரும். மானுடவியலாளர் கெயர்ட் டி நேவ் குமாரபாளையத்தில் தங்கி ஆராய்ந்து 1999-இல் எழுதிய கட்டுரை இந்த உறவின் இரு பக்கத்தையும் காட்டியது. பாக்கி தொழிலாளியைக் கட்டிப்போடுகிறது. ஆள் பற்றாக்குறை உள்ள காலத்தில் தொழிலாளியே அதிகப் பாக்கி கேட்டு முதலாளியை இழுக்கவும் செய்கிறார். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. பாக்கி அதன் நிழலில் இன்றும் நிற்கிறது.

கடனின் விலையை இங்குள்ள மக்கள் ஆண்டுச் சதவீதத்தில் பேசுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. ஐந்து ரூபாய் என்றால் அஞ்சு வட்டி. அஞ்சு வட்டி ஆண்டுக்கு 60 சதவீதம். தண்டலில் 10,000 ரூபாய் என்று பேசி 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாயாக 100 நாள் வசூலித்தால், அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால் உண்மை வட்டி ஆண்டுக்கு 100 சதவீதத்தையும் தாண்டிவிடும். கந்துவட்டியைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-இல் பிறந்தது இத்தகைய கொடுமைகள் முற்றியபோதுதான்.

ஏழைகளுக்குப் பிணையில்லாக் கடன் என்ற எண்ணம் வங்கதேசத்தில் தொடங்கியதாகக் கருதப்படுவது பாதி உண்மையே. சென்னை மாகாண அரசுக்காக ஃபிரெடெரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆண்டுகளில் அளித்த அறிக்கை, ஜெர்மனியின் ரைஃபைசன் சங்கங்களைப் போன்ற கிராமக் கடன் சங்கங்களை இங்கு நிறுவச் சொன்னது. 1904-இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் கிராமச் சங்க உறுப்பினர்களை வரம்பற்ற கூட்டுப் பொறுப்பில் நிறுத்தியது. ஒருவர் கட்டாத கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்ற விதி, முகமது யூனுஸ் 1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் அளவில் கடன் கொடுப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் சட்டமாக இருந்தது.

கடனைக் கொடுப்பதோடு கடனைக் குறைப்பதும் அரசின் வேலை என்பதைச் சொன்னவர் அன்றைய சேலம் மாவட்டத்தின் தொரப்பள்ளியில் பிறந்து, சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி. அவரது அமைச்சரவை கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நிலுவையாக நின்ற வட்டியைத் தள்ளுபடி செய்தது. அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாக அறிவித்தது. துணிவான சட்டம் அது. நிலத்தில் உரிமை உள்ளவரை நோக்கியே அது எழுதப்பட்டது. நிலமில்லாத நெசவாளி அதன் வாசலுக்கு வெளியே நின்றார். கடன் கொள்கைகள் தறிக்காரரைத் தவறவிடுவது அன்றே தொடங்கிவிட்டது.

இன்றைய மகளிர் குழுக்களின் தமிழகத் தொடக்கம் இச்சமவெளிக்கு மிக அருகில் உள்ளது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989-இல் தருமபுரியில் குழுக்களைத் தொடங்கியது; 1991-92-இல் திட்டம் சேலத்துக்கு வந்தது. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தின் பகுதி. 1997-இல்தான் தனி மாவட்டமானது. இடையில் 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியிருந்தது. 1997-98-இல் இம்முயற்சி ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலம் முழுதும் பரவியது.

இக்குழுவின் வலிமை சேமிப்பை முன்னால் வைத்ததில் உள்ளது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் மாதச் சந்தா கட்டி, அந்தப் பணத்தைத் தங்களுக்குள் கடனாகச் சுற்றவிடுவார்கள். கணக்கு எழுதுவதும் யாருக்கு முதலில் என்று முடிவு செய்வதும் அவர்களே. உள்கடனுக்கு வழக்கமாக இரண்டு வட்டிதான் வைப்பார்கள், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். நுண்கடன் நிறுவனம் வாங்கும் வட்டியும் ஏறக்குறைய இதே அளவில் இருக்கும். ஆனால் குழுவின் வட்டி குழுவின் பெட்டியிலேயே விழுந்து உறுப்பினர் சொத்தாகிறது. நிறுவனத்தின் வட்டி ஊரைவிட்டு வெளியேறுகிறது. சதவீதம் ஒன்றாயிருந்தும் பலன் வேறாவது இதனால்தான். வங்கி இணைப்பில் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டியில் குழுவுக்குக் கடன் கிடைப்பது இதற்கும் மேலான வசதி.

அப்படியிருந்தும் 2005-க்குப் பின் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் வேகமாக வளர்ந்தன. வங்கி மேலாளரைப் பார்க்கப் பலமுறை அலைய வேண்டியிருந்தது. நிறுவனத்தின் ஆளோ தெருவுக்கே வந்தார். சேமிப்பு, தீர்மானப் புத்தகம், தரமதிப்பீடு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஐந்து முதல் பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் சில நாளில் பணம். வட்டாரப் பேச்சில் இரண்டும் ‘குழுக் கடன்’ என்ற ஒரே பெயரில் வழங்குகின்றன. சேமித்து வளர்ந்த குழுவின் நற்பெயர் சேமிப்பே இல்லாத குழுவுக்கும் சேர்ந்துவிட்டது.

ஒரு தவணைக் கணக்கு நிலைமையைத் தெளிவாக்கும். 40,000 ரூபாயை 24 சதவீதக் குறையும் வட்டியில் 24 மாதத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 2,115 ரூபாய். மொத்த வட்டி 10,750 ரூபாயை ஒட்டி வரும். ஒரு கடனாக இது தாங்கக்கூடியதே. தண்டலோடு ஒப்பிட்டால் பெரிய விடுதலை. மூன்று நிறுவனங்களில் வாங்கினால் மாதம் 6,345 ரூபாய். ரிசர்வ் வங்கி விதியோ குடும்ப வருமானத்தில் 50 சதவீதம் வரை தவணைக்குப் போகலாம் என்கிறது. மாதம் 25,000 ரூபாய் வருமானமுள்ள குடும்பம் 12,500 ரூபாய் வரை தவணை கட்டுவது விதிக்குள் அடங்கும். வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் போன பின் பாதி வருமானம் மிஞ்சும் தறித்தொழிலாளி வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பாதி என்ற எல்லை மிகத் தாராளம். ஏழைக் குடும்பத்தின் செலவை அறிந்தவர் வகுக்கக்கூடிய எல்லை அதுவல்ல.

தவணையை எந்த வருமானம் கட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இளம்பிள்ளையில் சேலை மொத்தமாக எடுத்துத் தன் ஊரில் சில்லறைக்கு விற்கும் பெண்ணுக்கு 40,000 ரூபாய் ஆண்டில் பலமுறை புரளும் முதல். பால் சங்கத்துக்குப் பால் ஊற்றும் வீட்டில் கறவை மாடு தவணைக்கு ஈடுகொடுக்கும். இட்லிக் கடை, தையல், காய்கறி வியாபாரம் எல்லாம் இந்த வரிசையே. ஆட்டுக் குட்டி அப்படியல்ல. விற்கும் பருவம் வரப் பல மாதம் ஆகும், தவணையோ அடுத்த வாரமே தொடங்கும். கொல்கத்தாவில் எரிகா ஃபீல்டும் மற்றவர்களும் நடத்திய சோதனை இதை ஒட்டியது: முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்தபோது தொழிலில் போட்ட முதலும் நெடுநாள் லாபமும் கூடின, கட்டாமல் நின்றவர் எண்ணிக்கையும் கூடியது. உடனடித் தவணை நிறுவனத்தைக் காக்கிறது, தொழிலைச் சுருக்குகிறது.

கூலித்தறி ஓட்டும் வீட்டிலோ கடன் மனைவி பெயரில் வரும், கட்டுவது கணவன் மனைவி இருவரின் கூலியும். நூலும் பாவும் கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வியாபாரி அந்தக் கூலியை உயர்த்தாதவரை, எவ்வளவு கடன் கொடுத்தாலும் வருமானம் நகராது. இரண்டு மூன்று சொந்தத் தறி வைத்திருப்பவருக்கும் இதே நிலைதான். பெயரில் முதலாளி, கணக்கில் கூலிக்காரர். இவர்களைத் தொழில்முனைவோர் என்று பதிவேட்டில் எழுதுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி, ஏனெனில் தொழில் தோற்றதாகப் பழி அவர்கள்மேல் விழுகிறது. கூலி குறைவு என்ற உண்மை மறைந்துபோகிறது. விழுப்புரம், கடலூர்ப் பகுதிக் கிராமங்களில் இசபெல் கெரன், ஜி. வெங்கடசுப்ரமணியன் முதலியோர் பல ஆண்டுகள் செய்த ஆய்வு, ஒரு கடனை இன்னொரு கடனால் கட்டிச் சமாளிக்கும் உழைப்பு பெண்கள் தலையில் விழுவதைக் காட்டியது. தறிப் பகுதிப் பெண்களின் நிலையும் அதுவே.

ஹைதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு, ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர் சற்று விரிவாக்கினர் என்றும், குடும்பத்தின் சராசரி நுகர்வும் கல்வியும் பெண்களின் நிலையும் குறிப்பிடும்படி மாறவில்லை என்றும் கண்டது. அதே ஆண்டு வெளிவந்த போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே கூறின. இதை நுண்கடனின் தோல்வி என்று படிக்கக் கூடாது. அவசரத்தில் அஞ்சு வட்டிக்குப் பதில் இரண்டு வட்டியில் பணம் கிடைப்பது ஒரு குடும்பத்துக்கு உண்மையான நன்மை. வறுமை ஒழிப்பு என்ற பட்டம்தான் அதற்குப் பொருந்தாது.

செல்வ நாடுகளில் இதே முறை வேறு வேலை செய்கிறது. பிரான்சில் மரியா நோவாக் 1989-இல் நிறுவிய ஆதி அமைப்பு, வங்கிகள் ஒதுக்கிய வேலையற்றோருக்குக் கடன் தந்தது. யூனுஸ் நிறுவிய கிராமீன் அமெரிக்கா அமைப்பு 2008-இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் தொடங்கியது. அங்கே ஊழியர் சம்பளம் அதிகம், கடன் தொகை சிறிது. ஆகவே நன்கொடையும் மானியமும் இன்றி இவை ஓடுவது கடினம். ஆனால் ஒழுங்காகக் கட்டிய தவணை கடன் வரலாறாகப் பதிவாகி, வீட்டு வாடகைக்கும் பெரிய வங்கிக் கடனுக்கும் கதவு திறக்கிறது. நியூஜெர்சியின் யூனியன் சிட்டியில் கிராமீன் அமெரிக்கா பற்றி நடந்த சோதனை, அதன் உறுப்பினரின் கடன் மதிப்பெண் உயர்ந்ததையும் அன்றாடத் தட்டுப்பாடு குறைந்ததையும் கண்டது. இங்கே ஒழுங்காகக் கட்டிய பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பரிசு அதே வகையில் இன்னொரு குழுக் கடன். பத்தாண்டு தவறாமல் கட்டியவர் தன் பெயரில் தனிக்கடன் கேட்டு வங்கிக்குள் நுழையும் வழி இன்னும் குறுகியதே. இந்த ஒன்றில் நியூயார்க்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை 2010-இல் ஆந்திரம் காட்டியது. கடன் வாங்கியோரின் தற்கொலைகளைத் தொடர்ந்து அம்மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது, வசூல் நின்றது, ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு 2011-இல் விதிகள் பரிந்துரைத்தது. வட்டிக்கு இருந்த உச்சவரம்பை 2022 விதிகள் எடுத்துவிட்டன. ஒருவருக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கடன் தருவதில்லை என்று நுண்கடன் நிறுவனங்களின் சங்கமே 2025-இல் கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. அதே ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம், கடன் வசூலில் மிரட்டலையும் வற்புறுத்தலையும் தண்டிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. வீட்டு வாசலில் இரவு வரை உட்கார்ந்து வசூலிக்கும் வழக்கத்துக்கு இது தேவைப்பட்ட மருந்து.

2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர்கள் மூலம் சிறுநீரகம் விற்ற செய்தி வெளிவந்தது. அரசு விசாரித்தது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கடனே அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது. அந்தக் கடன் எந்த ஒரு நிறுவனத்தின் கணக்கிலும் முழுதாகத் தெரிவதில்லை. நுண்கடன் நிறுவனம் தரும் குழுக் கடன், கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் ஏறும். தறி முதலாளியின் பாக்கி ஏறாது, தண்டல் ஏறாது, கைமாற்று ஏறாது. ஐம்பது சதவீத வரம்பைச் சரிபார்க்கும் அலுவலர் பார்ப்பது பதிவில் உள்ள தவணைகளை மட்டுமே. தறித்தொழிலாளியின் கூலியில் வாரந்தோறும் பிடிக்கப்படும் பாக்கி அந்த அலுவலரின் கணக்கில் வருமானமாகவே நிற்கிறது.