அந்த ஒரு மீட்டர் கயிறு

போன எபிசோட் முடியுறப்போ, அடுத்த தடவை கயிறு பத்திப் பேசப் போறேன்னு சொல்லியிருந்தேன். "ப்ரோ, சீரியஸாவா?"ன்னு நாலஞ்சு பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க. சீரியஸாதான். ஏன்னு சொல்றேன்.

வாரத்துல அஞ்சு நாள் நான் கோடு எழுதுறவன். ஞாயித்துக்கிழமைன்னா சென்னைக் கடல்ல பாய்மரப் படகு. நானும் என் நண்பனும் பாதிப் பாதி காசு போட்டு பழைய லேசர் படகு ஒண்ணு வாங்கினோம். ஒருத்தர் மட்டும் ஓட்டுற சின்னப் படகு, நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல நீளம், ஒரே பாய். நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனாங்களே, அவங்க ஓட்டினதும் இதே குடும்பத்துப் படகுதான். அவங்க ஓட்டுறதுக்கும் நாங்க ஓட்டுறதுக்கும் சம்பந்தமே கிடையாது, அது வேற.

இந்தப் படகுல காத்து பலமா அடிச்சா, படகு சாயாம இருக்க நம்ம உடம்பையே எடையா வைக்கணும். படகு ஓரத்துல உக்காந்து, உள்ளே இருக்கிற ஒரு பட்டைக்கு அடியில கால் பாதத்தைக் கொடுத்து, முதுகை அப்படியே தண்ணிக்கு மேல சாய்க்கணும். அந்தப் பட்டையோட பின் முனையை ஒரு மெல்லிசான கயிறு கட்டி வச்சிருக்கும். ஒரு மீட்டர்கூட வராது. நம்ம மொத்த எடையும் அதுலதான் தொங்குது.

அந்தக் கயிறு நைஞ்சிருந்ததை நான் பாத்தேன். வளையத்துல உரசுற இடத்துல மேல் உறை கிழிஞ்சு, உள்ளே வெள்ளையா நூல் தெரிஞ்சது. "அடுத்த வாரம் மாத்திடலாம்"னு விட்டேன். கோடுக்குள்ள "டூடூ"ன்னு எழுதி வச்சிட்டு மறந்துடுவோம்ல, அப்படி. மூணு வாரம் போச்சு.

நாலாவது வாரம் படகு அவன் கையில. மதியத்துக்கு மேல கடல் காத்து நல்லா ஏறியிருந்தது. முழுசாச் சாஞ்சிருக்கான், கயிறு பட்டுன்னு அறுந்துடுச்சு. மல்லாக்கத் தண்ணிக்குள்ள விழுந்தான். பாயை இழுக்கிற மெயின்ஷீட் கயித்தைக் கையில ஒரு சுத்து சுத்தி வச்சிருந்தான். செய்யவே கூடாத பழக்கம், எங்க எல்லாருக்குமே இருந்துச்சு. படகு ஒரு பக்கம் கவிழ, கயிறு கையை இழுக்க, தோள் மூட்டு இறங்கிடுச்சு. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால மிதந்தான். ஒத்தைக் கையால படகை நிமிர்த்த முடியலை. துணைப் படகு வர்ற வரைக்கும் கவிழ்ந்த படகைப் புடிச்சுக்கிட்டே கிடந்தான். நான் கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்.

கயிறு நைஞ்சிருந்தது எனக்கு முன்னாடியே தெரியும்ங்கிறதை ஆஸ்பத்திரியிலயே அவன்கிட்ட சொல்லிட்டேன். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா"ன்னான். அவ்வளவுதான். ரெண்டு மாசம் கடலுக்கு வரலை.

அந்த ரெண்டு மாசத்துல கயிறு பத்தி ஒழுங்காக் கத்துக்கிட்டேன். முதல்ல செஞ்சது ஒரு தப்பு. பாரிமுனைப் பக்கம் போய், மலிவா இருக்கேன்னு பச்சைக் கலர் மீன்பிடிக் கயிறு வாங்கிட்டு வந்தேன். அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் மாதிரி சமாச்சாரம். தண்ணியில மிதக்கும், அது நல்ல குணம். ஆனா வழுக்கும், முடிச்சு நிக்காது, வெயில்ல சீக்கிரம் மொறமொறன்னு ஆயிடும். எங்க கடற்கரையில படகுகளைப் பாத்துக்கிற அண்ணன் ஒருத்தர் இருக்கார். கையில வாங்கிப் பாத்துட்டு, "இத வீட்ல துணி காயப் போட வச்சுக்க தம்பி"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.

இழுத்துப் புடிக்கிற வேலைக்குப் பாலியெஸ்டர் கயிறு நல்லது. அதிகமா நீளாது, வெயிலையும் ஓரளவு தாங்கும். நைலான் நல்லா இழுபடும், அதனால நங்கூரத்துக்குச் சரி. திடீர்னு வர்ற இழுவையை வாங்கிக்கும். ஆனா நனைஞ்சா பலம் கொஞ்சம் குறையும். டைனீமா எடை கம்மி, பலம் பயங்கரம். ஆனா சூடு ஆகாது, 150 டிகிரிக்குக் கிட்டயே உருகிடும். இன்னொண்ணு, எந்தக் கயிறா இருந்தாலும் முடிச்சு போட்ட இடத்துல பலம் பாதி வரைக்கும்கூடக் குறையலாம். அறுந்தா பெரும்பாலும் முடிச்சுக்குப் பக்கத்துலதான் அறும்.

கயித்தைக் கெடுக்கிறது மூணு விஷயம்: வெயில், உப்பு, உரசல். உப்பு எப்படின்னா, கடல் தண்ணி காய்ஞ்சதும் நூலுக்கு நடுவுல உப்புக் கல் தங்கிடும். கயிறு அசையுறப்போ எல்லாம் அது உள்ளேயிருந்து அறுக்கும். அதனால கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில அலசியே ஆகணும். மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டு வந்து, பக்கெட்டுல லேசா சோப்புத் தண்ணி கலந்து ராத்திரி முழுக்க ஊற வைக்கிறேன். ப்ளீச் போடவே கூடாது. வாஷிங் மெஷின்ல போடறதா இருந்தா தலையணை உறைக்குள்ள வச்சுக் கட்டிட்டுப் போடுங்க. நான் அப்படியே போட்டு, 13 மீட்டர் கயித்துச் சிக்கலை எடுக்க ஒரு மேட்ச் முழுக்க ஆச்சு. அம்மா வேற, "டேய், இது துணி துவைக்கிற மெஷினா, படகுத் துறையா?"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. காயப் போடறது நிழல்ல.

உரசலைத் தேடிக் கண்டுபிடிக்கணும். அண்ணன் சொல்லிக் கொடுத்தது: "கண்ணால பாக்காத தம்பி, கைய ஓட்டிப் பாரு." கயித்தை முனையிலேர்ந்து முனை வரைக்கும் விரலுக்கு நடுவுல மெதுவா இழுத்துட்டே போகணும். பாலியெஸ்டர்ல மேலாக லேசாப் பிசிறு வந்தா பயப்பட வேண்டாம், அது சகஜம். ஒரு இடத்துல மட்டும் மெலிஞ்சிருந்தா, கெட்டியா வளையாம நின்னா, பளபளன்னு உருகின மாதிரி இருந்தா, உள்கயிறு வெளியே தெரிஞ்சா, யோசிக்காதீங்க, மாத்திடுங்க. கயிறு நல்லா இருந்து எப்பவும் ஒரே இடம் கப்பியில தேயுதுன்னா, தலைகீழாத் திருப்பிக் கட்டுங்க. தேயுற இடம் மாறிடும், ஆயுசு கூடும். வளையத்தையும் தடவிப் பாக்கணும். என் விஷயத்துல குற்றவாளி அங்கேதான் இருந்தது: வளையத்தோட உள்பக்கம் பிளேடு மாதிரி ஒரு பிசிறு. அதைத் தேய்ச்சு எடுக்காம புதுக் கயிறு கட்டியிருந்தா அதுவும் போயிருக்கும்.

முனை பிரியாம இருக்க சால்டரிங் அயர்னால உருக்கிடுவேன். காலேஜ்ல வாங்கினது, இப்பதான் உருப்படியா உதவுது. அதுக்கு மேல மெழுகு நூல் சுத்தணும். அந்த நூலுக்குக் கடை கடையா அலைய வேண்டாம். செருப்புத் தைக்கிறவர்கிட்ட கேட்டா கிடைக்கும்.

அண்ணன் இன்னொண்ணு சொன்னார். அவங்க அப்பா காலத்துல கட்டுமரம் கரைக்கு வந்தா, கயித்தை அவிழ்த்து, மரத்தைத் தனித்தனியாக் காயப் போடுவாங்களாம். மறுபடி கடலுக்குப் போறப்போ புதுசாக் கட்டணும். அப்படின்னா ஒவ்வொரு தடவையும் கயிறு முழுக்கக் கைக்குள்ள போய் வருது. தனியாச் செக்லிஸ்ட் எதுக்கு?

நண்பன் திரும்பி வந்துட்டான். அந்தப் பட்டைக்கு இப்போ புதுக் கயிறு, ரெண்டு சுத்து. படகை இறக்குறதுக்கு முன்னாடி அவனே உள்ளே குனிஞ்சு அதைத் தடவிப் பாப்பான், நான் ஏற்கெனவே பாத்துட்டேன்னு சொன்னாலும். நானும் ஒண்ணும் சொல்றதில்லை.

சரி மக்களே, பால்கனியில மெயின்ஷீட் காயுது, வெயில் அந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள எடுக்கணும். அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.