டேங்கில் எவ்வளவு பெட்ரோல்?



நம் நாட்டில் பழைய ஜீப்புகள் இன்னும் ஓடுகின்றன. பலவற்றில் பெட்ரோல் முள் வேலை செய்வதில்லை. இருட்டில் தீக்குச்சி கிழித்து டேங்கைப் பார்ப்பவர்களும் உண்டு. காலி டேங்கிலும் பெட்ரோல் ஆவி இருக்கும். தீ பட்டால் வெடிக்கும்.

புது மீட்டர் பொருத்தலாம். டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கும். அதற்கேற்ப மின்சார ஓட்டம் மாறும். முள்ளும் இறங்கும். மீட்டரும் மிதவையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஜோடி மாறினால் முள் பொய் சொல்லும்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பீடி, விளக்கு அருகில் வேண்டாம். மிதவைக்கு எர்த் ஒயர் கொடுங்கள். கசியாமல் வாஷர் போடுங்கள். வேலை முடிந்ததும் பேட்டரியை மாட்டுங்கள். டேங்கை நிரப்புங்கள். முள் மேலே ஏறினால் சரி.

எழுத்தைப் போல முள்ளையும் படிக்கலாம்.