வானிலைப் படத்தையும் படிக்கலாம்



எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டது. பத்திரிகையும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் வானிலைப் படம் வந்தால் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். மலையாளப் பத்திரிகை ஆனாலும் தமிழ்ப் பத்திரிகை ஆனாலும் படம் ஒன்றுதான்.

முதலில் நம் ஊரைத் தேட வேண்டும். மேலே வடக்கு, வலப்பக்கம் கிழக்கு. தென்கோடியில் கன்னியாகுமரி. அங்கிருந்து சற்று மேலே, இடப்பக்கமாக வந்தால் பாறசாலை, நெய்யாற்றின்கரை.

சில படங்களில் வளைந்த கோடுகள் இருக்கும். பெருவிரல் ரேகை போல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழித்திருக்கும். காற்றின் அழுத்தம் ஒரே அளவாக உள்ள இடங்களைச் சேர்த்துப் போட்ட கோடுகள் அவை. சுழியின் நடுவே அழுத்தம் குறைவாக இருந்தால் அது காற்றழுத்தத் தாழ்வு. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல் காற்று அங்கே ஓடும். நேராக ஓடாது. பூமி சுழல்வதால், கடிகார முள் சுற்றுவதற்கு எதிராகச் சுற்றிக்கொண்டே போகும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் காற்று பலமாக வீசும்.

வள்ளக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வு இடக்கைப் பக்கம் இருக்கும். வடகிழக்குக் காற்று என்றால் தாழ்வு தென்கிழக்கே. திறந்த கடலில்தான் இந்தக் கணக்கு சரியாக வரும். மலையும் மரமும் உள்ள இடத்தில் காற்று திசை மாறிவிடும்.

2017 நவம்பர் 29 காலையில் இலங்கை அருகே ஒரு தாழ்வு மண்டலம் இருந்தது. மறுநாள் காலை அது கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒக்கிப் புயலாகிவிட்டது. இடையில் ஒரே ஒரு நாள்தான். பூந்துறை, விழிஞ்ஞம், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். ஆழ்கடலுக்குப் போனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடந்தன. புயல் லட்சத்தீவுப் பக்கம் போய், பிறகு குஜராத் பக்கம் திரும்பியது.

ஆகவே படத்தில் தேதியையும் நேரத்தையும் முதலில் படியுங்கள். பத்திரிகைப் படம் முந்திய நாள் இரவே அச்சுக்குப் போனது. புயல் நாட்களில் வானொலியையும் கேட்க வேண்டும்.

இப்போது மாவட்டம் மாவட்டமாக நிறம் போட்ட படமும் வருகிறது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

பொழியூரும் நீரோடியும் அடுத்தடுத்த ஊர்கள். பொழியூருக்குத் திருவனந்தபுரம் வானிலை மையம் அறிவிக்கிறது. நீரோடிக்குச் சென்னை மையம். இரண்டிலும் நிறம் வேறாக இருக்கலாம். எல்லையில் இருப்பவர்கள் இரண்டு மாவட்டத்தையும் பாருங்கள். எது கடுமையோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.