மையையும் துறந்த அச்சு



வண்ணம் இல்லாத ஓவியத்தைக் கண்டதும், வேலை இன்னும் முடியவில்லை போலும் என்று கருதுவோர் இன்றும் உளர். அவ்வையம் நீங்க, வங்கத்துக் கலைஞர் இருவரின் ஆக்கங்களைப் பார்த்தால் போதும்.

1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் மாண்டோர் 30 இலட்சம் வரை இருக்கலாம் என மதிப்பிடுவர். அவ்வாண்டு மேதினிபூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்த சித்தப்பிரசாத், கண்டவற்றைக் கறுப்பு மையால் வரைந்தார்; உடன் குறிப்புகளும் எழுதினார். அவை 'பசித்த வங்கம்' எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலச் சிறுநூலாயின. ஆங்கிலேய அரசு அதன் படிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. தூரிகையும் மையும் மட்டுமே கொண்ட ஒருவரிடம் அரசு எதற்காக அஞ்சியது?

வண்ணம் கண்ணுக்கு இளைப்பாறுதல் தருவது. வானத்து நீலமோ சேலைக் கரையின் சிவப்போ இருந்திருப்பின், பார்ப்பவர் பார்வை ஒரு கணம் அங்கே ஒதுங்கியிருக்கும். விலா எலும்பை வரைந்த கறுப்புக் கோடு அந்த ஒதுக்கிடத்தைத் தருவதில்லை. இதில் சிக்கனமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏழை ஏடுகளுக்கு வண்ண அச்சு ஏது? பின்னாளில் பம்பாயில் சித்தப்பிரசாத் கைக்கொண்ட லினோலியச் செதுக்கும் எளியோர் கருவியே. செதுக்கி நீக்கிய இடம் தாளில் வெள்ளையாகும். விட்டுவைத்த இடம் மை ஏற்றுக் கறுப்பாகும். சொல்லை அடித்து அடித்துக் கவிதையை மீட்போர்க்கு இவ்வேலை அயலானதன்று.

அவர் வழிகாட்ட, சிட்டகாங்கில் அதே பஞ்சத்தை வரையத் தொடங்கியவர் சோம்நாத் ஹோர் (1921–2006). 1946இல் தேபாகா உழவர் போராட்டத்தையும் நேரில் சென்று வரைந்தார். ஆனால், அவரது உச்சம் 1970களில் சாந்திநிகேதனில் உருவான 'காயங்கள்' வரிசையே. மென்மையான களிமண் பரப்பைக் கத்தியால் கீறுவார். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடுவார். அதன்மேல் சிமெண்டு வார்த்து அச்சு எடுப்பார். அவ்வச்சில் தாள்கூழை அழுத்தி உலர்த்துவார். இவ்வரிசையில் பெரும்பாலானவற்றில் மையே இல்லை. வெள்ளைத் தாளில் வெள்ளைத் தழும்பு, அவ்வளவே. மனித உருவும் அங்கே இல்லை. எனினும், தோல் கிழிந்தது தெரிகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். காயம் இத்துணை அழகாக இருக்கலாமா? பட்டினியில் குழிந்த கண்களைச் சித்தப்பிரசாத் தீட்டிய பின், இவ்வெண்மை செல்வர் வீட்டுச் சுவருக்குப் பொருந்திவிடாதா? கேள்வி நேர்மையானது; புறந்தள்ளத் தக்கதன்று. சித்தப்பிரசாத்தின் படம் இன்ன ஊர், இன்ன மனிதர் என்று சாட்சி சொல்கிறது. ஹோரின் தாள் அச்சாட்சியத்தைக் கைவிடுகிறது, அஃது இழப்புத்தான். ஆயினும், அத்தாளை விரைந்து பார்த்துக் கடந்துவிட இயலாது. நேரெதிரே விளக்கிருந்தால் அது வெற்றுத்தாள். நூல்களில் வரும் நிழற்படங்களும் அதைப் பாதியே காட்டும். பக்கவாட்டில் ஒளி விழும்போது, கீறலின் ஒரு கரையில் மெல்லிய நிழல் படியும். அந்நிழலே அதன் கறுப்பு. பார்ப்பவர் ஓரடி நகர்ந்து நின்றால், முன்பு தெரியாத இன்னொரு வெட்டு அங்கே தெரியும்.