கிற்றாருக்குள் ஒட்டிய பெயர்

நூலின் அட்டையிலுள்ள பெயரும் அதனை எழுதிய கையும் ஒன்றுதானா என்ற கேள்வி இலக்கிய உலகில் அவ்வப்போது எழுவதுண்டு. அதே கேள்வி ஒரு வாத்தியத்தின் வயிற்றுக்குள்ளும் ஒட்டப்பட்டிருக்கிறது. ஸ்பெயின் நாட்டில் கையினாற் செய்யப்படும் கிற்றாரையே சொல்கிறேன். அதன் ஒலித்துளையினூடாக உள்ளே பார்த்தால் ஒரு காகிதச் சீட்டுத் தெரியும். செய்தவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியன அதில் இருக்கும். பல ஆயிரம் யூரோக்கள் கொடுத்து அந்த வாத்தியத்தை வாங்குகிறவர் எதற்கு விலை கொடுக்கிறார்? சீட்டுக்கா, மரத்துக்கா, ஒலிக்கா? நெடுநாட் சேமிப்போடு அத்தகைய கிற்றார் ஒன்றை வாங்கப் புறப்பட்டவன் என்ற வகையில், இக்கேள்வியை நான் ஏட்டளவில் மாத்திரம் கேட்கவில்லை.

முதலில் சிறிது வரலாறு. இன்று நாம் காணும் ஸ்பானியக் கிற்றாரின் உருவத்தை வகுத்தவர் அன்ரோனியோ டி ரொறெஸ் என்பவர். 1817இல் அல்மெரியாவுக்கு அருகே பிறந்தவர். தச்சுத் தொழில் பயின்றவர். செவில் நகரிலே கிற்றார் செய்யத் தொடங்கினார். வாத்தியத்தின் உடலை அகலமாக்கினார், முன்பலகையை மெல்லியதாக்கினார், அப்பலகையின் உட்புறத்தில் விசிறிபோல விரியும் மெல்லிய மரச் சட்டங்களைச் செம்மைப்படுத்தினார். 650 மில்லிமீற்றர் என்ற தந்தி நீளம் இன்றுவரை அளவுகோலாக நிலைத்திருப்பதற்கும் அவருடைய வேலையே காரணம். இத்தனையும் செய்தவர் இடையிலே சில காலம் அந்தத் தொழிலைக் கைவிட்டு, அல்மெரியாவில் பீங்கான் கடை வைத்துப் பிழைக்க நேர்ந்தது. பின்னர் மீண்டும் தொழிலுக்கு வந்து, 1892இல் மறையும் வரை கிற்றார் செய்தார்.

ரொறெஸ் 1862இல் ஒரு விநோதமான பரீட்சையைச் செய்து பார்த்தார். முன்பலகையை மாத்திரம் நல்ல மரத்தினாற் செய்து, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையினால் அமைத்தார். கிற்றாரின் ஒலி பிறப்பது முன்பலகையிலேதான் என்று காட்டுவதே அவருடைய நோக்கம். பார்சிலோனாவின் இசை அரும்பொருட்சாலையில் அந்த அட்டைக் கிற்றார் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

அந்த முன்பலகையைச் சற்று எண்ணிப் பாருங்கள். குளிர்நாட்டு மலைகளில் மெதுவாக வளர்ந்த ஸ்புறூஸ் மரம், அல்லது செந்நிறமான சீடர் மரம். தடிப்பு ஏறத்தாழ இரண்டு, இரண்டரை மில்லிமீற்றர். ஆறு நைலோன் தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ பாரத்தால் அதனை இழுத்துக்கொண்டிருக்கின்றன. தடிப்பு மிகுந்தால் குரல் அடைத்துப்போகும். குறைந்தால் பலகை வளைந்து, காலப்போக்கில் வாத்தியமே கெட்டுவிடும். இரண்டுக்கும் இடையிலான அந்த இடத்தை எந்த அளவுகோலும் முழுமையாகச் சொல்லித் தராது. ஒரே மரத்திலிருந்து அறுத்த இரு பலகைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. பலகையை விரலாலே தட்டி, வளைத்து, மீண்டும் சீவி அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது செய்பவரின் கை. நாம் விலை கொடுப்பது அந்தக் கைக்குத்தான்.

ஆனால், அந்தக் கை யாருடையது? 1912இல் அன்ட்ரெஸ் செகோவியா என்ற இளைஞர் மட்ரிட் நகரிலே மனுவேல் றமிரெஸின் பட்டறைக்குச் சென்றார். கச்சேரிக்கு நல்ல கிற்றார் ஒன்றை வாடகைக்குப் பெறுவதே அவர் எண்ணம். அவருடைய வாசிப்பைக் கேட்ட றமிரெஸ், காசு வாங்காமலே ஒரு கிற்றாரைக் கொடுத்துவிட்டார். கிற்றாரை உலகக் கச்சேரி மேடைகளில் ஏற்றிவைத்த செகோவியா கால் நூற்றாண்டு காலம் அதனையே வாசித்தார். இன்று அது நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அரும்பொருட்சாலையில் இருக்கிறது. உள்ளேயுள்ள சீட்டு மனுவேல் றமிரெஸ் என்றே சொல்கிறது. எனினும், அதனைச் செய்த கை அந்தப் பட்டறையில் வேலைசெய்த சன்ரோஸ் எர்னான்டெஸ் என்ற தொழிலாளியினுடையது என்பதே பொதுவான கருத்து. பிற்காலத்தில் அதே கிற்றார் திருத்த வேலைக்காக அவரிடம் வந்தபோது, தமது பெயர் கொண்ட சீட்டு ஒன்றையும் அவர் உள்ளே ஒட்டினார். அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் மனத்தாங்கல் இருந்திருக்குமோ என்று நான் எண்ணுவதுண்டு.

மனுவேலின் தமையனார் ஹொசே 1882இல் தொடங்கிய பட்டறை இன்றும் மட்ரிட்டில் நடைபெறுகிறது. மூன்றாம் தலைமுறையினர் காலத்தில், 1960களை அடுத்து, அங்கே பல தொழிலாளர் வேலை செய்தனர். ஒவ்வொருவரும் தாம் செய்த கிற்றாரின் உட்புறத்தில் தமது பெயரெழுத்தைச் சிறு முத்திரையாகப் பதித்தனர். சீட்டிலே முதலாளியின் பெயர். வெளிச்சம் படாத இடத்திலே தொழிலாளியின் எழுத்து. விடயம் தெரிந்தவர்கள் இன்று சிறு கண்ணாடியை உள்ளே நுழைத்து அந்த முத்திரையைத் தேடுகிறார்கள்.

இனி, மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகுக்கும் பக்கங்களுக்கும் உரிய மரங்களுள் மிக உயர்ந்ததெனப் புகழ்பெற்றது பிரேசில் நாட்டு ரோஸ்வூட். அந்தப் புகழே அதற்கு எமனாயிற்று. காடுகள் அழிந்து மரம் அருகிப்போனதால், 1992 முதல் அது அருகிவரும் இனங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையின் மிகக் கண்டிப்பான பட்டியலில் இருக்கிறது. தகுந்த பத்திரம் இல்லாமல் அம்மரத்தாலான கிற்றாரை எல்லை கடத்தினால் சுங்கத்தில் பறிபோகலாம். பிரேசில் மரம் கிடைப்பது அரிதானபோது ஸ்பானியப் பட்டறைகள் இந்தியாவின் ஈட்டி மரத்தை நாடின. விரற்பலகைக்கு எங்கள் இலங்கைக் கருங்காலி ஒருகாலத்தில் பெரிதும் விரும்பப்பட்டது. மேலே மெருகாகப் பூசப்படும் அவலரக்கும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து செல்வதே. ஸ்பானியக் கிற்றார் என்று நாம் வியக்கும் பொருளில் எங்கள் பக்கத்துக் காடுகளும் கலந்திருக்கின்றன.

அந்தப் பிரேசில் மரம் உண்மையிலேயே ஒலியை உயர்த்துகிறதா? இங்கிலாந்து ஆய்வாளர் சிலர் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதுகும் பக்கங்களும் மாத்திரம் வெவ்வேறு மரங்களாலான ஆறு கிற்றார்களைச் செய்வித்து, மரம் கண்ணுக்குத் தெரியாதவாறு 52 பேரிடம் கொடுத்து வாசிக்கச் செய்தனர். அவை உலோகத் தந்திக் கிற்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும். விலை உயர்ந்த மரத்தை அவர்களால் எளிதிற் பிரித்தறிய முடியவில்லை. ரொறெஸ் காகித அட்டையைக் கொண்டு சொன்னதும் ஏறக்குறைய இதனைத்தான்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் கடைகளுக்குப் போனேன். முதலில் மட்ரிட். அங்கே ஒரு கடையில், பெயர்பெற்ற சீட்டுடன் கூடிய பழைய கிற்றார் ஒன்றைக் காட்டினார்கள். பிரேசில் மரம், பார்ப்பதற்குத் தேன் வழிவது போன்ற அழகு. என் சேமிப்பு முழுவதையும் அது கேட்டது. பிறகு கிரனாடாவுக்குப் போனேன். கவிஞர் லோர்க்காவின் ஊர்ப்பக்கம் அது. இசையமைப்பாளர் மனுவேல் டி பாயாவும் லோர்க்காவும் நண்பர்களும் கூடி, 1922இல் பழைய நாட்டுப் பாடலுக்கு விழா எடுத்ததும் அங்கேதான். அல்ஹம்பிரா கோட்டைக்கு ஏறும் கொமேரெஸ் என்ற சாய்வான தெருவிலே கிற்றார்ப் பட்டறைகள் இருக்கின்றன.

அத்தகைய பட்டறை ஒன்றில், பெரிதாகப் பெயர் பெறாத ஒருவர் செய்த கிற்றாரைக் கண்டேன். ஈட்டி மர முதுகு, ஸ்புறூஸ் முன்பலகை. விலை மட்ரிட் கிற்றாரின் அரைவாசிக்குச் சற்று மேல். என்னோடு வந்த நண்பர் நன்றாக வாசிப்பவர். அவரை அறையின் மறுகோடியில் இருத்தி, நான் சுவரைப் பார்த்தபடி நின்று கேட்டேன். மட்ரிட்டிலும் அவ்வாறே செய்திருந்தேன். முதலாம் தந்தியில் ஒவ்வொரு மெட்டாக ஏறும்போது எந்தச் சுரமாவது சட்டென்று செத்துப்போகிறதா? மெதுவாக மீட்டினாலும் ஒலி அறையின் மூலை வரை வருகிறதா? பலமாக மீட்டினால் கத்துகிறதா, குரல் பெருக்கிறதா? மட்ரிட் கிற்றார் இனிமையானது. ஆனால் மேல் மெட்டுகளில் இரண்டு சுரங்கள் ஊமையாய் இருந்தன. கிரனாடாக் கிற்றாரில் ஒவ்வொரு சுரமும் தன் முகத்தோடு வந்தது.

பட்டறைக்காரர் என்னிடம் விலையைச் சொல்லவில்லை. “ஐயா, இது எந்த நாட்டிலே இருக்கப்போகிறது?” என்றுதான் முதலிற் கேட்டார். இலங்கை என்றதும், “கருங்காலி நாடு” என்று சிரித்தார். பின்னர் முகம் மாறியது. கிரனாடாவின் உலர்ந்த காற்றிலே ஒட்டப்பட்ட மரம் எங்கள் ஈரக் காற்றில் ஊதிப் பருக்கும், குரல் மந்தமாகும், பசைகூட இளகலாம் என்று விளக்கினார். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொதி வைக்கவேண்டும். ஈரமானி ஒன்றை வைத்து ஐம்பது வீதத்தை ஒட்டிப் பேணவேண்டும். வெயிலில் நின்ற காரிலே ஒருபோதும் விடக்கூடாது. இவற்றுக்கு நான் சம்மதித்த பிறகே விலை பேசினார். ஸ்புறூஸ் பலகை முழுக்குரல் கொடுக்கச் சில ஆண்டுகள் எடுக்கும், நாள்தோறும் வாசித்தால்தான் அது திறக்கும் என்றும் சொன்னார்.

நான் கிரனாடாக் கிற்றாரையே வாங்கினேன். என் நண்பருக்கு அதில் உடன்பாடில்லை. “பெயருள்ள கிற்றாரை நாளைக்கு நல்ல விலைக்கு விற்கலாம். இதை யார் வாங்குவார்கள்?” என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கிற்றாரைச் சொத்தாக வாங்குகிறவருக்குச் சீட்டு மிக முக்கியம். வாசிப்பதற்கு வாங்குகிறவருக்கோ, சீட்டு அறிமுகக் கடிதம் மாத்திரமே. அறிமுகக் கடிதத்தைப் படித்துவிட்டு ஆளோடு பேசாமலே போய்விடுவது முறையாகாது.

பெயர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. றமிரெஸ் என்ற பெயர் தலைமுறைகளாகச் செய்த நல்ல வேலையினாற் சம்பாதித்த பெயர்தான். ஆனால், அந்தப் பெயரின் நிழலில் தமது எழுத்தை இருட்டிலே பதித்துவிட்டுப் போன கைகளையும் நாம் மறக்கலாகாது. நேயர்களே, கிற்றாராயினும், வீணையாயினும், மரக் கதிரையாயினும், கையினாற் செய்த பொருள் ஒன்றை வாங்கும்போது, இதைச் செய்தது யார் என்று ஒருமுறை கேளுங்கள். விற்பவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தால், அதைச் சொல்ல அவர் தயங்காவிட்டால், அந்தக் கடையிலே நம்பி வாங்கலாம்.